கியூடெக்ஸ் வைத்த நத்தை

பதுளையில் என் மேசை மேல் ஒரு நத்தை ஓடு இருக்கிறது. உள்ளங்கையை நிறைக்கும். முதுகில் ஒரு சிவப்புப் பொட்டு, என்னுடைய கியூடெக்ஸ் நகப்பூச்சுதான். வைத்தவர் அத்தை. போத்தலை முழுக்கத் தீர்த்துவிட்டு, உன் நகத்தைவிட அதுக்குத்தான் எடுப்பாக இருக்கிறது என்று வேறு சொன்னார்.

மகளுக்குச் சுகப் பிரசவமானால், தன் கையால் வளர்த்த செவ்வந்தியில் அம்மன் தேருக்கு மாலை போடுவதாக அத்தை வேண்டியிருந்தார். பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். கடையில் வாங்கிய பூ செல்லாது. ஆகவே பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தன் வீடு இருக்கும் லயத்து வரிசைக்குப் பின்னால் பாத்தி கட்டினார். மழை விழுந்ததும் நத்தைகள் வந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து எந்தக் காலத்திலோ வந்து சேர்ந்த இனம். இங்கே அதை அடக்க ஆளில்லை. போஞ்சி, கோவா, பப்பாசிக் கன்று என்று எதையும் விடவில்லை. கொழுந்து பறித்த நேரம் போக மரக்கறி போட்டுச் சந்தைக்கு அனுப்புகிறவர்கள் பாடு அந்த வருஷம் பெரும் திண்டாட்டம். செவ்வந்தி மொட்டுப் பிடிக்கும் நேரத்தில் பாதிச் செடி மொட்டையாகிவிட்டது. அத்தைக்கு வந்த ஆத்திரத்தைப் பார்க்க வேண்டுமே!

"நம்ம ஆளுகளும் கடல் தாண்டித்தான் வந்தாங்க. ஆனா வந்து நட்டாங்க. இது வந்து திங்குது" என்றார்.

உப்பைப் போட்டால் ஒழிந்துவிடும். ஆனால் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார். அது அவிழும்வரை ஓர் உயிரைக் கொல்லக் கூடாது. அதனால் வாளியில் பொறுக்கிக் கீழ் லயத்து வடிகான் ஓரம் கொட்டிவிட்டு வந்துவிடுவார். கொட்டக் கொட்டக் குறைந்தபாடில்லை. அவையே ஊர்ந்து திரும்புகின்றனவோ என்ற சந்தேகத்தில்தான் பொட்டு வைத்தார். மறுநாள் பொட்டு வைத்த கூட்டம் முழுவதும் பாத்தி ஓரம் ஒரே குவியலாகக் கிடந்தது. நத்தை எங்காவது கூட்டமாக நடந்து வருமா?

அடுத்த நாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு முன்பே, அத்தை வாளியோடு இறங்கினார்; திருவிழாவுக்கு வந்திருந்த நானும் பின்னால் போனேன். பாதி வழியில் எதிரே சம்பந்தியம்மா, அதாவது மகளின் மாமியார், பேசின் ஒன்றைச் சுமந்து ஏறி வந்தார். கீழ் லயத்தில் அவருக்கும் அதே பேத்திக்காக அதே வேண்டுதல், அதே செவ்வந்தி, அதே காப்பு. ஒருவர் கொண்டு வந்ததை மற்றவர் எட்டிப் பார்த்தார்; இரண்டிலும் நத்தை. அப்புறம் பாதையிலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

வழி சொன்னது சம்பந்தியம்மாதான்.

"நமக்குத்தான் காப்பு. வாத்துக்கு யாரு கட்டினா?"

பஸ் நிற்கும் இடத்தில் கடை வைத்திருந்த பாய் தன் வாத்துகளை ஓட்டி வந்தார். சின்ன நத்தைகளை அவை அப்படியே விழுங்கின. பெரியவற்றைப் பாய் உடைத்துப் போட்டார். உடையாமல் மிஞ்சியது இந்த ஓடு.

தேர் நாளில் எந்தப் பாத்தியின் பூவும் தனியாக ஒரு மாலைக்குப் போதவில்லை. இரண்டையும் சேர்த்து ஒரே மாலையாகக் கட்டினார்கள். கடிபட்ட இதழைச் சாமிக்குப் போடலாமா என்று யாரோ கேட்டார்கள். அம்மனுக்கும் நம்ம பாடு தெரியட்டுமே என்றார் அத்தை. தேர் லயத்தைக் கடந்தபோது இரண்டு பேருமே அழுதார்கள்.

நத்தைகள் இன்னும் போய்விடவில்லை. மழை பெய்தால் இருவரும் ஒரே வாளியோடு சேர்ந்து இறங்குகிறார்கள். அந்தப் பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன வாரம் என்னிடம் வந்தவள் இந்த ஓட்டின் கதையைக் கேட்டுவிட்டு, மங்கிப்போன பொட்டின் மேல் புதிதாகக் கியூடெக்ஸ் வைத்தாள். முதலில் கொட்டியது எந்தப் பாட்டி என்று கேட்டாள். அதை மட்டும் இன்றுவரை இரண்டு பேருமே ஒப்புக்கொள்ளவில்லை.