கிரானுக்கு வர இருந்த சார்ஜர்

"வாறன்... வாறன்..." என்று சொல்லிக்கொண்டேதான் அஜந்தா ஓட்டோ ஓட்டுவாள். மின்சாரத்தில் ஓடும் வண்டி. பின்னால் வருவது யாருக்கும் கேட்காது. கிரான் ஊரின் உள்வீதிகளில் ஆடுகளும் சைக்கிள்களும் நடுவீதியைத்தான் பிடித்துக்கொண்டு போகும். ஹோன் அடித்தால் பின்னால் இருக்கும் நோயாளி திடுக்கிடுவார் என்பதால், தலையை வெளியே நீட்டி, அதட்டலும் இல்லாத கெஞ்சலும் இல்லாத ஒரு குரலில் "வாறன்" என்பாள். மனிதர் விலகிவிடுவார்கள். ஆடுகள் சில நேரம் விலகும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அவள் 'வாறனக்கா'.

வயது நாற்பதை நெருங்குகிறது. சட்டைக்கு மேல் கணவனின் முழுக்கைச் சேர்ட்டைப் போட்டு, அதன் கைகளை மணிக்கட்டோடு சேர்த்து ஊசி குத்தி வைத்திருப்பாள். சீற்றுக்கு அடியில் ஒரு துவாய், ஒரு போர்வை, வாந்தி எடுப்பவர்களுக்குப் பொலித்தீன் பைகள். பற்றரியோடு பழகிப் பழகி எதையும் நூறில் வைத்துத்தான் சொல்வாள். "இண்டைக்கு நான் நூறில நாப்பதிலதான் நிக்கிறன், கதை குடுக்காதீங்க" என்றால் களைத்துப்போனாள் என்று அர்த்தம். புளி குறைந்த மீன்குழம்புக்கு அறுபது போடுவாள். எதற்கும் நூறு போட்டதை யாரும் கேட்டதில்லை.

ஓட்டோ கணவனுடையது. பெற்றோலுக்கு வரிசையில் நின்றே நாள் கழிந்த அந்த ஆண்டில் அவன் வெறுத்துப்போய்க் குவைத்துக்குப் போனான். முற்றத்தில் வண்டி துருப்பிடித்து நின்றது. பழைய ஓட்டோக்களின் எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பற்றரி பூட்டித் தரும் திட்டம் ஒன்று வந்தபோது, அவள் தயங்கினாள். அவளுடைய வீட்டுக்கு வரும் மின்கம்பி ஊரின் கடைசிக் கம்பி. பொழுதுபட்டால் பல்பே மஞ்சளாகத்தான் எரியும்.

"வீட்டுல சாஜ் ஏத்த ஒண்ணா மிஸ். மறுகா நான் என்ன செய்யிற?" என்று திட்ட அலுவலர் டினுஷாவிடம் கேட்டாள்.

டினுஷா இளம்பெண், மட்டக்களப்பு நகரத்துக்காரி. பொய் சொல்லத் தெரியாதவள். பொது இடங்களில் சார்ஜர் பூட்ட அரசாங்க மானியம் வருகிறது, கிரானில் கூட்டுறவுச் சங்கத்து நெல் களஞ்சிய வளவுக்கு ஒன்று ஒதுக்கியாயிற்று என்றாள். அந்தச் சொல்லை நம்பி அஜந்தா எஞ்சினைக் கழற்றக் கொடுத்தாள்.

மானியத்தின் முதல் பங்கு வந்தது. களஞ்சிய வளவில் இடுப்பளவுக்கு ஒரு சீமெந்துக் கட்டு எழும்பியது. அதோடு நின்றுபோயிற்று. சார்ஜரின் சுமையை ஊர் டிரான்ஸ்போமர் தாங்காது, பெரிதாக ஒன்று வைக்கவேண்டும், அதற்கு வேறு பணம், வேறு கந்தோரின் அனுமதி. சீமெந்துக் கட்டின் மேல் ஆட்கள் செத்தல் மிளகாய் காயப்போட்டார்கள்.

அந்தக் காலத்தில்தான் அருமைநாயகம் அவளுடைய வண்டியில் ஏறினார். ஆறு ஏக்கர் வயல் செய்தவர். இரண்டு சிறுநீரகமும் போய், கிழமைக்கு இரண்டு தரம் மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டியிருந்தது. பஸ்ஸில் தொங்கிப் போய்வர உடம்பு விடவில்லை. மனைவி ஆச்சிப்பிள்ளை வாசல்வரை வந்து ஏற்றிவிட்டு, "கவனமாக் கூட்டிப்போ புள்ள" என்பாள். ஒவ்வொரு முறையும் அதே சொல்தான்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கம்பெனியின் கந்தோர். வேலைத்தலங்களுக்குக் கொடுக்கும் மானியத்தில் அவர்கள் முற்றத்தில் சார்ஜர் பூட்டியிருந்தார்கள். பகலில் வெளி வண்டிகளுக்கும் விடவேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் முகாமையாளரின் கார் வந்தால் மற்றவர்கள் கழற்றவேண்டும் என்பதும் அங்கே ஒரு வழக்கமாகிவிட்டது. காவலாளி முகைதீன்பாவா கேற்றைத் திறந்துவிட்டு, "கெதியாப் போடு தங்கச்சி, துரைட கார் இன்னும் வரல்ல" என்பார். அஜந்தா செருகியில் தூசு பட்டிருந்தால் சேர்ட்டில் துடைத்து மாட்டிவிட்டு, அருமைநாயகத்தைக் கைத்தாங்கலாக வாட்டுக்குக் கூட்டிப்போவாள்.

அவருக்கு நாலு மணித்தியாலம். வண்டிக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். "ரெண்டு பேருக்கும் சாஜ் ஏத்தித்தான் ஊருக்குக் கிறுகோணும்" என்று அவர் சிரிப்பார். திரும்பும் வழியில், இருபக்கமும் வயல் வெட்டையாகக் கிடக்கும் இடத்தில், வண்டியைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்வார். இறங்கமாட்டார்.

"வட்டை முழுக்கத் தண்ணி நிக்கிது பாத்தியா. வாய்க்கால் வெட்டி ஊருக்கெல்லாம் தண்ணி விட்டவன் நான். இப்ப ஒரு மிடறு குடிக்கிறதுக்கு டொக்டரக் கேக்கோணும்."

"தோடம்பழத் தோல் இரிக்கு. வாயில வெச்சிக்கங்க அண்ணன்."

"தா."

இவ்வளவுதான் அவர்கள் பேசுவது. ஆனால் அவர் ஏறாத நாளில் அவளுக்கு வண்டி பாரமில்லாமல் ஓடுவதுபோல இருக்கும். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

சார்ஜரைப் பற்றி அவள் கேட்காத இடமில்லை. போகும்போதெல்லாம் டினுஷா கதிரையை இழுத்துப் போட்டு, "காசு ஒதுக்கிக் கிடக்கு அக்கா. லைன்தான் பிரச்சினை. நானும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறன்" என்பாள். எழுதிக்கொண்டுதான் இருந்தாள். அஜந்தாவுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. கோபப்பட ஓர் ஆள் கிடைக்காததுதான் அவளைத் தின்றது.

கார்த்திகையில் புயல் வருகிறது என்று வானொலி சொன்னது. அன்றிரவு வீட்டு லைனில் ஏற்றிப் பார்த்தாள். அறுபதுக்கு மேல் போகவில்லை. மறுநாள் காலையில் மின்சாரம் நின்றது. தண்ணீர் ஏறிய ஒழுங்கைகளிலிருந்து பிள்ளைத்தாய்ச்சிகளையும் நடக்கமாட்டாதவர்களையும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கினாள். யாரும் கேட்கவில்லை, அவளாகத்தான் செய்தாள். நகரத்து வீதி வெள்ளத்தில் மூழ்கியதால் அருமைநாயகத்துக்கு அந்தக் கிழமை முறை தவறிப்போனது.

புயல் ஓய்ந்த மறுநாள் பின்னேரம் ஆச்சிப்பிள்ளை சேறு தெறிக்க ஓடிவந்தாள். "அவருக்கு மூச்சு எடுக்க ஏலாதாம் புள்ள. வா."

பற்றரி மானியில் நூறில் எட்டுத்தான் நின்றது. அம்புலன்ஸுக்கு அடித்தார்கள், வருகிறோம், பாதையில் தண்ணீர், சுணங்கும் என்றார்கள். ஊரின் மற்ற ஓட்டோக்கள் வெள்ளத்துக்கு அப்பால் நின்றன. பெரிய வீதிவரை போனால் அம்புலன்ஸை எதிர்கொள்ளலாம் என்று அஜந்தா நினைத்தாள். அவரை ஏற்றி, ஆச்சிப்பிள்ளையின் தோளில் சாய்த்துவைத்து, விளக்கைக்கூடப் போடாமல் ஓட்டினாள். சேறு வண்டியைப் பிடித்து இழுத்தது. வயல்வெளி நடுவில் வண்டி மெல்லமாகி, மெல்லமாகி நின்றது. நின்றதும் ஒரு சத்தமும் இல்லை. தவளைகள் மட்டும் கத்தின.

"நிண்டிட்டா?" என்று அருமைநாயகம் கேட்டார்.

"ஓம் அண்ணன்."

"ம். நீயும் எவ்வளவெண்டு ஓடுவாய்."

அவள் இறங்கித் தள்ளினாள். ஆச்சிப்பிள்ளையும் இறங்கித் தள்ளினாள். முழங்கால்வரை சேற்றில் புதைந்து, இரண்டு பெண்களும் ஒரு மதகைத் தாண்டியபோது அம்புலன்ஸ் வந்தது. அடுத்த நாள் விடியற்புறம் அவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

செத்தவீட்டில் யாரோ ஒருவர், "பெற்றோல் வண்டியெண்டா போயிருக்கும்" என்றார். அவள் காதில் விழவேண்டும் என்று சொன்னதல்ல. ஆனால் விழுந்தது. ஆச்சிப்பிள்ளை அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை. எட்டாம் நாள் சடங்கு முடிந்து, அந்தியேட்டி முடிந்து, மாதங்கள் போயும் சொல்லவில்லை. அவர்களுடைய வாசலால் போகும்போது அஜந்தா "வாறன்" என்று சொல்வதை நிறுத்திவிட்டாள்.

டினுஷா ஒருநாள் வீடு தேடி வந்தாள். அழுதிருந்த முகம். "அண்டைக்கு ஊரிலேயே கரண்ட் இல்லைத்தானே அக்கா. சார்ஜர் இருந்திருந்தாலும்..." என்று ஆறுதல் சொல்லப் பார்த்தாள்.

"புயலுக்கு முதல் நாள் கரண்ட் இருந்தது மிஸ்" என்றாள் அஜந்தா. பிறகு எழுந்து போய்த் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

மாசியில் புது டிரான்ஸ்போமர் வந்தது. மானியத்தின் மிச்சப் பங்கும் வந்தது. மிளகாய் காய்ந்த சீமெந்துக் கட்டின் மேல் வெள்ளையும் பச்சையுமாகச் சார்ஜர் ஏறி நின்றது. திறப்புவிழாவுக்கு மாவிலை, நாடா, ஒலிபெருக்கி. முதல் வண்டியாக அஜந்தாவுடையதே நிற்கவேண்டும் என்று சங்கத்தார் சொல்லிவிட்டார்கள். மறுக்க அவளுக்கு மனம் வரவில்லை. நாளைக்கு ஏறப்போகிறவர்களுக்கு அது வேண்டும். நாவற்குடாவிலிருந்து கலியாணமாகி வந்த ஒரு பெண்ணுக்கு இப்போது கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரி.

செருகியை மாட்டினாள். கைதட்டினார்கள். படத்துக்காகச் செருகியைப் பிடித்தபடி இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார்கள்; பார்த்தாள். நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். "எல்லாரும் சாஜ் ஏத்திப் பாவியுங்க" என்றதோடு ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அப்போதுதான் களஞ்சியத்து மதிலோரம் ஆச்சிப்பிள்ளை நிற்பதைக் கண்டாள். வெளிர்ச் சீலை, கையில் குடை. அஜந்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள்.

"நீ கூப்பிடல்ல. நானாத்தான் வந்தன்" என்றாள் ஆச்சிப்பிள்ளை. சார்ஜரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இவ்வளவுதானா இது?"

"ஓம் அக்கா. இவ்வளவுதான்."

ஆச்சிப்பிள்ளை குடையை விரித்து, கூட்டத்துக்கு முகம் தெரியாமல் சரித்துப் பிடித்தாள். அஜந்தா அவளுடைய முழங்கையைப் பிடித்து வண்டிக்குக் கூட்டிவந்தாள். "ஏறுங்க."

"சாஜில நிக்கிது, எங்க போற?"

"எங்கயும் போறதுக்கில்ல. சும்மா ஏறி இருங்க."

ஏறினாள். அஜந்தா முன்னால் போகவில்லை. அவளும் பின்சீற்றில், ஆச்சிப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தாள். வெளியே இன்னும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ வண்டிக்குள் கமராவை நீட்டினார்கள். மாசி வெயில் எரித்தது. அஜந்தா கையை உயர்த்தி, கூட்டம் நின்ற பக்கத்தில் மழைக்கு மறைக்கச் சுருட்டிக் கட்டியிருந்த படங்கின் முடிச்சை அவிழ்த்து, அதைக் கீழ்வரை இறக்கிவிட்டாள்.