கிணற்றுச் சுவரின் நான்கு படங்கள்

பொதுக் கிணறு பழுதுபட்டிருப்பதாக எழுத்து மூலம் முறையீடு வந்தால், வந்து சேர்ந்த நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் பொறுப்புள்ள அலுவலர் நேரில் பார்வையிட்டு, முடிவை மனுதாரருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இது விதி. அரசு அலுவலகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் இத்தகைய விதிகளைப் பிறருக்கு எடுத்துச் சொல்லி, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவன் நான். என் தம்பியின் மனு எட்டு மாதங்கள் கிடந்தது. பார்வையிட எவரும் வரவில்லை. தம்பி மட்டும் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை அந்தக் கிணற்றுக்குள்ளேயே இறந்தார்.

மூத்தவனான நான் அவரை வாழ்நாள் முழுவதும் 'ஏலே' என்று கூப்பிட்டவன். இந்த நினைவு மலரில் 'அவர்' என்று எழுதுவதே முறை என்றார் பங்குச் சாமியார். முறை என்று சொல்லிவிட்டால் நான் கீழ்ப்படிந்துவிடுவேன். அந்தப் பழக்கம் என்ன செய்தது என்பதைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

தம்பி பிறந்தது திண்டுக்கல்லில், தோல் பதனிடும் கூடங்களுக்கு அடுத்த தெருவில். அப்பா அங்கே கணக்கெழுதினார். தம்பிக்கு நான்கு வயதாகும்போது அம்மா காலமானார். பள்ளிப் படிப்பில் எனக்கு வந்தது அவருக்கு வரவில்லை. நீச்சலில் அவருக்கு வந்தது எனக்கு வரவே இல்லை. ஐம்பதுகளின் தொடக்கத்தில் சிறிய ஸ்டூடியோ ஒன்றைத் திறந்தார். இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப்பேரின் கல்யாணப் படமும், அவர்கள் பிள்ளைகள் கோயிலில் புதுநன்மை வாங்கிய நாளின் படமும் அவர் எடுத்தவையாகத்தான் இருக்கும். படத்துக்குச் சிரிக்காதவர்களிடம், "செத்த நேரம் கடன்காரனை மறந்துட்டு இங்கிட்டுப் பாருங்க" என்பார்.

நிலத்தில் இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டோம், தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என அவருக்கு எப்போது தோன்றியதோ தெரியாது. நமக்குக் கடல் இல்லை. கிணறுகள் இருந்தன. முதலில் ஒரு வாளியின் அடியை வெட்டியெடுத்துக் கண்ணாடி பதித்து, அதற்குள் பெட்டிக் கேமராவை வைத்து, வாளியின் வாய் முழுகாதபடி தண்ணீரில் அமுக்கினார். கை நீளும் ஆழம் வரைதான் முடிந்தது. கெண்டை மீன் ஒன்று கண்ணாடியில் முட்டிக்கொண்டு விழித்த படம் ஸ்டூடியோ வாசலில் வெகுநாள் தொங்கியது. அதைப் பார்த்துவிட்டு, "எங்க சின்ன மாமனார் கணக்காவே இருக்கு" என்று சொல்லாத ஆள் இல்லை.

அடுத்து, லாரி டியூபை வெட்டி ஒட்டி ஒரு ரப்பர்ப் பை. முன்பக்கம் வட்டக் கண்ணாடி. பைக்கு வெளியே இருந்தபடியே விரலால் அமுக்கிப் படம் எடுக்கலாம். ஆளுயரத்துக்குக் கீழே போனதும் தண்ணீர் அந்தப் பையை நசுக்கி, கேமரா தானாகவே படம் எடுத்துக்கொண்டது. "எனக்கு வேலையே இல்லண்ணே, அதுவா எடுத்துக்கிருது" என்று சிரித்தார். அப்படித் தானாக விழுந்த படங்களில் ஒன்றில்தான் அந்தச் சுவர் இருந்தது.

கன்னிவாடிக்குப் போகும் பாதையில் தம்பி மனைவியின் ஊர். அவ்வூருக்கு ஒரே குடிதண்ணீர்க் கிணறு. மேற்குப் பக்கம் மேடை கட்டி உருளை போட்டிருக்கும். அதிகாலையில் இருபது முப்பது பெண்கள் அந்த மேடையில் நின்றுதான் தண்ணீர் இறைப்பார்கள். மேலிருந்து பார்த்தால் கட்டுமானம் மலைபோல இருக்கும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, சரியாக அந்த மேடைக்கு அடியில், கற்கள் வயிறு தள்ளியிருந்தன. வெடிப்புக்குப் பின்னால் மண் கரைந்துபோயிருந்தது. தம்பி அன்று மாலையே ஈரத்தலையோடு என் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, அந்த மேடை அந்தரத்துல நிக்கிது. என்னைக்கு இறங்கும்னு தெரியாது" என்றார். நான் மனு எழுதிக் கொடுத்தேன். படத்தை இணைத்தேன். அதுவே முதல் படம்.

மனுவை அலுவலகப் பிரிவில் வாங்கிக்கொண்டவர் முன்பு என்னிடம் வேலை செய்தவர். அலுவலகத்தின் பெயரை எழுதவில்லை. அவதூறுச் சட்டமும் எனக்குத் தெரியும். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது கெணறா, மேகமா?"

எழுத்தில் ஒரு வரியும் தரவில்லை. வாய்மொழியாகச் சொன்ன மறுப்புக்குக் கட்டுப்படத் தேவையில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் தெளிவான படம் வேண்டுமாம் என்று தம்பியிடம் சொன்னேன். அவர் பூட்டுப் பட்டறை மாணிக்க ஆசாரியிடம் போனார். ஆசாரி பித்தளையில் ஒரு பெட்டி செய்தார். மூடிக்கு நாலு பூட்டுத் தாழ். தண்ணீர் புகாமல் இருக்க, தோல் கூடத்திலிருந்து நல்ல தோலாக வாங்கி எண்ணெயில் ஊறப்போட்டு வாசர் வெட்டினார்கள். தன் நாட்டுக்கே திரும்பிப்போன ஒரு வெளிநாட்டுச் சாமியாரின் சிறிய பிலிம் கேமராவைத் தம்பி ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். அது அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்தது. இரண்டாவது படத்தில் கல்லின் உளி வரி கூடத் தெரிந்தது.

"படம் நல்லாருக்கு சார். வெடிப்பு விரக்கடையா முழமான்னு எப்பிடிச் சொல்றது? இந்தக் கெணறுதான்னு என்ன அத்தாட்சி?"

கேள்வி நியாயமானது என்று நான் தலையாட்டினேன். அப்படிக் கேட்க அவரைப் பழக்கிவிட்டவனே நான்தான். மூன்றாவது படத்தில் வெடிப்பின் குறுக்கே ஓர் அளவுகோலும், ஊர்ப் பெயர் எழுதிய சிலேட்டும் இருந்தன. மூச்சை அடக்கிக்கொண்டு ஒற்றை ஆள் இவ்வளவையும் எப்படிப் பிடித்தார் என்பது இன்றும் புரியவில்லை.

இதற்கிடையில் தம்பி ஞாயிறுதோறும் போய் மேடையில் முள்ளை வெட்டிப் போடுவார். பெண்கள் எடுத்து எறிவார்கள். "ஏன் போட்டோக்காரரே, உள்ள ஆருக்காச்சும் வீடு கட்டிக் குடுத்திருக்கீகளா, வேலி போடுறீக?" என்று கேலி வேறு. தம்பியின் மைத்துனர் சவரிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. விவசாயி, கிணறு தெரிந்தவர். ஒருநாள் என்னிடம் நேராகவே கேட்டார்.

"எதுக்குண்ணே இம்புட்டுக் காயிதம்? நாங்க பத்துப் பேரு சேந்து மேடையை இடிச்சுத் தள்ளிட்டு உருளையைக் கெழக்க மாத்திப்புடுறோம். ரெண்டு நாள் வேலை."

"மனு விசாரணையில இருக்கப்ப எடத்தத் தொடக் கூடாது. தொட்டா மனு செல்லாது."

"செல்லாமப் போனாப் போவுது. பொம்பளைக நிக்கிற எடம்ணே."

தம்பி குறுக்கிட்டார். "அண்ணன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும், மச்சான். செத்த பொறுங்க."

பொறுத்தார்கள்.

மூன்றாவது படத்துக்கு வந்த பதில் இது: "வெடிப்புக்கு உள்ள இருட்டாக் கெடக்கே சார். வெளிச்சம் போட்டு ஒண்ணு எடுத்துட்டா மேல அனுப்பிரலாம்." தம்பி பிளாஷ் பல்பு வாங்கினார். ஆசாரி அதற்கும் பித்தளையில் கூடு செய்தார். அந்தச் சனிக்கிழமை முற்பகலில் இறங்கினார். இடுப்புக் கயிறு சவரிமுத்து கையில். படம் எடுக்கும்போது சாட்சிக்கு இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லிப் பெண்களை அரசமரம் வரை விலக்கி வைத்திருந்தேன். அவர் இறங்கிய நேரத்தைத் தாளில் குறித்துக்கொண்டு கிழக்குப் பக்கம் சவரிமுத்துவின் அருகே நின்றேன்.

தண்ணீருக்குள் வெள்ளையாக ஒரு வெளிச்சம் அடித்து அணைந்தது. அடுத்த மூச்சில் எதிரே மேடை இல்லை. உருளை இல்லை. சத்தம் பிறகுதான் வந்தது. சவரிமுத்து கயிற்றை இழுத்தார், கயிறு அசையவில்லை. நான் தாளையும் பேனாவையும் பிடித்தபடி நின்றிருந்தேன். கீழே போடத் தோன்றவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்பதை மட்டும் குறிக்கவில்லை.

பெண்களில் ஒருவருக்கும் கீறல் கூட இல்லை.

தம்பியோடு வெளியே வந்த பித்தளைப் பெட்டியை ஆசாரி அழுதுகொண்டே திறந்தார். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நான்காவது படத்தைக் கழுவிப் பார்த்தோம். வெடிப்புக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கும் அளவு வெற்றிடம், பளிச்சென்று. அலுவலகம் கேட்டது முழுவதும் அதில் இருக்கிறது. அதை இந்த மலரில் அச்சிடவில்லை.

அடக்கம் முடிந்த இரவு என் விதிப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு தேடினேன். விசாரணையில் உள்ள இடத்தைத் தொடக் கூடாது என்பது நிலத் தகராறுக்கு உரியது. கிணற்றுக்கு அப்படி ஒரு விதி இல்லை. ஆபத்து இருந்தால் ஊரார் உடனே இடிக்கலாம். தகவல் சொன்னால் போதும். இருபத்தெட்டு ஆண்டுகள் இந்தப் புத்தகங்களோடு இருந்தவன், தம்பியும் சவரிமுத்துவும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒருமுறை திறந்து பார்க்கவில்லை. இதைச் சவரிமுத்துவிடம் சொன்னேன். அவர், "தங்கச்சிக்கிட்ட நீங்களே சொல்லிருங்கண்ணே" என்றார். சொன்னேன். உறவினர்கள் பிறர் வாயால் கேட்க வேண்டாம் என்பதற்காக இங்கும் எழுதுகிறேன்.

கல்லைப் புரட்டித் தம்பியை மேலே கொண்டுவந்த அவ்வூர் இளைஞர்களுக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டு அடுப்பை எரியவிடாமல் சோறும் வெஞ்சனமும் கொண்டுவந்த அவ்வூர்ப் பெண்களுக்கும், மாணிக்க ஆசாரிக்கும், பூசை வைத்த பங்குச் சாமியாருக்கும், இந்த மலரை விரைந்து அச்சிட்டுத் தந்த அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தம்பியின் மனைவியும் இரு பெண்மக்களும் இனி என் பொறுப்பு. இதற்கு எவரிடமும் நான் முறை கேட்கப் போவதில்லை.

அலுவலகத்தின் பதிலும் வந்தது. தம்பி இறந்த மூன்றாம் நாள், அவர் பெயருக்கே. 'தங்கள் மனுவுடன் இணைத்த முதல் படமே போதுமானது. கிணறு ஆபத்தானதென ஏற்கப்பட்டு, மேடையை அகற்ற உத்தரவிடப்படுகிறது. மேற்கொண்டு படங்கள் தேவையில்லை. மனுதாரர் கிணற்றில் இறங்க வேண்டாம்.' கையொப்பத்தின் கீழே இருந்த தேதி, தம்பி கடைசியாக இறங்கியதற்கு ஐந்து நாட்கள் முந்தையது. அந்த அலுவலகத்திலிருந்து எங்கள் வீடு சைக்கிளில் கால் மணி நேரம். வரும் கடிதத்தின் உறைமேல் கிடைத்த நாளைக் குறிப்பது என் வழக்கம். இதன்மேலும் குறித்தேன்: பிப்ரவரி 15, செவ்வாய்க்கிழமை.