பெரிய மாப்பிள்ளை சொல்லாமல் விட்ட மதகு

மாமியார் வீட்டில் கை வைத்த நாற்காலி ஒன்றே ஒன்றுதான். ஜன்னலோரம் கிடக்கும். பத்தொன்பது வருடமாக அதில் பெரிய மாப்பிள்ளைதான் உட்கார்ந்தார். அவர் வாசலில் பூட்ஸைக் கழற்றும் சத்தம் கேட்டாலே மாமியார் அதைத் துடைத்துப் போட்டுவிடுவார். இந்தத் தடவை விடுப்பில் போனால், அதில் சின்ன மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். "வாங்கண்ணே" என்று அவன் எழுந்துகொள்ளத்தான் பார்த்தான். மாமியார் விடவில்லை. "நீங்க இருங்க மாப்பிள்ளை. அவர் நம்ம வீட்டு மனுஷர், எங்க வேணா உட்காருவார்" என்றார். அப்படியானால் இவன் யார் வீட்டு மனுஷன்? பெரிய மாப்பிள்ளை ஸ்டூலில் உட்கார்ந்தார். வயிறு பற்றி எரிந்தது.

நாற்காலி ஒரு சாக்குதான். எரிச்சலுக்கு வேர் முகாமில் இருந்தது.

அவர் ராணுவ ஆம்புலன்ஸ் டிரைவர். அவர் சேர்ந்த காலத்தில் அடிபட்டவரை நாலு பேர் தூக்குக்கட்டிலில் சுமந்து வருவார்கள். முன்வரிசையிலிருந்து மருத்துவக் கூடாரத்துக்கு மூன்று மணி நேரம். பாதிப்பேர் வழியிலேயே போய்ச் சேர்ந்துவிடுவார்கள். பிறகு ஜீப் வந்தது. அதற்குப் பிறகு ஆறு சக்கரம், இரும்புத் தகடு போர்த்திய கவச ஆம்புலன்ஸ் வந்தது. அதை வைத்து மூன்று மணி நேரத்தைப் பதினெட்டு நிமிடமாக்கியவர் இவர். இவரால் வீடு திரும்பியவர்களைக் குடிவைத்தால் ஒரு தெரு நிறையும்.

எல்லாம் வானத்தில் டிரோன்கள் வரும் வரைதான். பெரிதாக, சூடாக எது அசைந்தாலும் மேலே இருப்பவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒரே வாரத்தில் மூன்று ஆம்புலன்ஸ்கள் எரிந்தன. முன்வரிசைக்குத் திரும்பும் வளைவைத் தாண்டி வண்டி போகக்கூடாது என்று உத்தரவு வந்தது. பத்து டன் வண்டி மறைப்பு வலைக்கு அடியில் குந்திக்கொண்டது. இவர் தினம் அதைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அந்த இடத்துக்கு வந்ததுதான், யாரும் தள்ளாமலே ஓடினாலும் முகாமில் எல்லோரும் தள்ளுவண்டி என்று கூப்பிட்ட குட்டி வண்டி. முழங்கால் உயரம், பேட்டரி, சங்கிலிச் சக்கரம். ஒரே ஒரு ஆள் படுத்துக்கொள்ளலாம். டிரைவர் கிடையாது. பதுங்கு அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு குச்சிகளை ஆட்டினால் அது பாட்டுக்குப் போகும். அந்தக் குச்சிகளை ஆட்டும் ஆள் யார் தெரியுமா? சகலைதான். நேற்றுவரை டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவன். பட்டாளத்தில் சேர்ந்து முழுசாக ஒரு வருடம் ஆகவில்லை. வண்டி ஒரு தடவைகூட முன்வரிசைக்குப் போகவில்லை, அதற்குள் முகாமே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

விடுப்பு முடிந்து திரும்பியதும் சகலை காகிதமும் பேனாவுமாக வந்தான். "அண்ணே, நாளைக்கு முதல் ஓட்டம். இந்த ரோடு உங்களுக்குத்தான் மனப்பாடம். எங்க எப்படிப் போகணும்னு போட்டுக் குடுங்க."

அவர் போட்டுக் கொடுத்தார். பள்ளங்கள், உடைந்த சுவர், முள்கம்பி கிடக்கும் திருப்பம் எல்லாவற்றையும் குறித்தார். மதகு வந்ததும் பேனா நின்றது. தந்திக் கம்பத்தை ஒட்டியே மதகைத் தாண்ட வேண்டும். எதிர்ப்பக்கம் போன மழையில் அடிமண் அரித்துப் பொந்தாகிவிட்டது. மேலே புல் மூடியிருப்பதால் பார்த்தால் தெரியாது. அவர் வண்டிச் சக்கரமே ஒருநாள் அதில் இறங்கியிருக்கிறது.

அதை அவர் குறிக்கவில்லை. முதல் ஓட்டம் வெறும் சோதனைதானே, காலி வண்டிதானே, ஒரு தடவை மாட்டிக்கொண்டு முழிக்கட்டும் என்று காகிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை தள்ளுவண்டி கிளம்பியது. பதுங்கு அறையில் சகலைக்குப் பின்னால் நின்று அவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலி வண்டி, கனமில்லை, மதகை அலுங்காமல் தாண்டிவிட்டது. பெரிய மாப்பிள்ளைக்குச் சப்பென்று ஆனது. அது முன்வரிசையை எட்டிய நேரத்தில்தான் அங்கே ஒரு குண்டு விழுந்தது. சாப்பாடு கொண்டுபோயிருந்த முகாம் சமையல்காரருக்குத் தொடையில் அடி. ரத்தம் நிற்கவில்லை. தள்ளுவண்டியில்தான் அவரைப் படுக்கவைத்து அனுப்பினார்கள்.

ஆள் கனத்தோடு திரும்பும் வண்டி மதகுப் பொந்தில் இறங்கிவிடும் என்று பெரிய மாப்பிள்ளைக்குத் தெரியும். வாயைத் திறந்தால் நேற்றுச் செய்தது வெளியே வந்துவிடும். கம்பத்தை ஒட்டியே வந்துவிடும், வந்துவிடும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே திரை சாய்ந்தது. பாதி புல், பாதி வானம்.

சகலை குச்சியைப் பின்னால் இழுத்தான். சங்கிலி மண்ணைத் தோண்டியது. வண்டி இன்னும் இறங்கியது. ஒலிபெருக்கியில் சமையல்காரர் முனகுவது கேட்டது.

"ரிவர்ஸ் போடாதே. குச்சியை விடு." பெரிய மாப்பிள்ளையின் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "கம்பம் தெரியுதா? ஒரு முழம் முன்னாடி மண்ணுக்கடியில கருங்கல் வரிசை இருக்கு. கம்பத்தைப் பாத்துத் திருப்பிக் கொஞ்சம் முன்னே போ. நிறுத்து. இன்னும் கொஞ்சம். அவசரப்படாதே."

நாலாவது தடவை சங்கிலி கல்லைப் பிடித்தது. ஒன்பது நிமிடம் வீணாகியிருந்தது. சமையல்காரர் பிழைத்துக்கொண்டார். இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் அவ்வளவுதான் என்றார் டாக்டர்.

அடுத்த விடுப்பில் மாமியார் வீட்டில் ஒரே அமர்க்களம். "அண்ணன் மட்டும் இல்லேன்னா அந்த மனுஷனை நான் கொன்னிருப்பேன் அத்தை. நான் குச்சிதான் ஆட்டினேன், ஓட்டினது அவர்தான்" என்று சகலை எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தான். கை வைத்த நாற்காலி துடைத்துத் தயாராக இருந்தது. மனைவி அவரைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு பெருமை. இத்தனை நாள் இதற்குத்தானே ஏங்கினார்? பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துகொண்டார்.

கொல்லைக் குழாயில் கை கழுவும்போது சொல்லிவிட்டார். "மதகு விஷயம் எனக்கு முன்னாடியே தெரியும். வேணும்னுதான் எழுதல."

"தெரியும்ணே." சகலை குழாயை மூடினான். "கல்லு எத்தனை முழத்துல இருக்குன்னு சொன்னீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு. அவ்வளவு தெரிஞ்சவர் அந்தப் பொந்தைப் போய் மறப்பீங்களா?"

"பின்னே ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சமையல்காரர்தான் பொழைச்சுட்டாரே, விடுங்க. துண்டு இந்தாங்க."

அவன் உள்ளே போய், தானாகவே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நானாக இருந்தால் முகாம் முழுக்கச் சொல்லி இவனை நாறடித்திருப்பேன் என்று பெரிய மாப்பிள்ளைக்குத் தோன்றியது. நாற்காலி காலியாகக் கிடந்தது. மாமியார் "உட்காருங்க மாப்பிள்ளை" என்றார். அவர் ஈரத் துண்டோடு நின்றுகொண்டே இருந்தார். அந்தப் பெரிய மனசு தனக்கு வாய்க்கவில்லையே என்று அதன் மேலும் அவருக்குப் பொறாமையாக இருந்தது.