பதினொரு சரையில் ஒரு நாடு

கடந்த சனிக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தைக் கடற்கரையில் ஒருவர் பேப்பர்ச் சுருளில் பதினொரு சரை கடலை வாங்கினார். கடலையை அப்படியே ஒரு பையில் கொட்டிவிட்டு, வெறும் பேப்பரை மட்டும் முழங்காலில் வைத்து நீவி நீவி அடுக்கினார். பார்த்தவர்கள் கொஞ்சம் தள்ளியே நடந்தார்கள்.

அந்த ஒருவர் நான்தான்.

என் மகள் அபிராமிக்குப் பதினைந்து வயது. ஒன்பது வயதிலிருந்து ஒரு நாட்டை நடத்தி வருகிறாள். கர்வோகர் என்ற போர்வீரர்களின் நாடு. அவர்களுக்கு வரலாறு, தனி எழுத்து, தனிப் பாஷை... எல்லாம் ஒரு தடித்த கொப்பியில். வாளுக்கு மட்டும் ஒன்பது சொற்கள் இருப்பதாக ஒருமுறை சொன்னாள். கணக்குப் பாடத்துக்கு எத்தனை சொல் என்று கேட்டேன். அன்றோடு அந்த நாட்டுக்குள் எனக்கு விசா இல்லை.

வருட முடிவில் பழைய கொப்பிகளைக் கட்டிப் பேப்பர்காரரிடம் போடுவது எங்கள் வழக்கம். பார்த்துப் போடுங்கோ என்று மனைவி பத்துத் தரம் சொன்னாள். பார்த்துத்தான் போட்டேன் — கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று. கர்வோகரின் கொப்பியும் அந்தக் கட்டோடு போய்விட்டது.

அபிராமி கத்தவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. கத்தினால் திருப்பிக் கத்தலாம். இதற்கு என்ன செய்வது?

பேப்பர்காரர் ஜிந்துப்பிட்டிக் கடையொன்றைக் காட்டினார். அங்கே போனால், எழுதிய கொப்பிகளைச் சரை சுற்றக் கொடுத்தாயிற்றாம். வாங்கியது யார்? வெள்ளவத்தைக் கடற்கரையில் கடலை விற்கும் அம்மா! பஸ்ஸேறி என் தெருமுனைக்கே திரும்பி வந்தேன்.

"ஒங்களுக்குக் கடலை வேணுமா, காயிதம் வேணுமா?" என்றார் அந்த அம்மா.

மிஞ்சியிருந்தவை பதினொன்று. அதில் மூன்று யாரோ ஒரு பிள்ளையின் விஞ்ஞானக் கொப்பி. மற்ற எட்டையும் ரயில் பாதையோரக் கல்லில் குந்தியிருந்து படித்தேன் — ஆறு வருடத்தில் முதல் தடவையாக. நல்ல காலம், இவற்றைத் தமிழில்தான் எழுதியிருந்தாள். கர்வோகர் எல்லாச் சண்டைக்கும் போகிறார்கள். ஒரு சண்டையிலும் ஒருவரும் சாகவில்லை.

எண்ணெய் ஊறிய ஒரு தாளில் அவர்களின் சமாதானச் சட்டம் இருந்தது. குற்றம் செய்தவன் வாய் திறக்கக்கூடாது. தன் கையால் உணவை நீட்டவேண்டும். எதிரி சாப்பிட்டால் போர் முடிந்தது.

வீட்டுக்கு வந்து எட்டுத் தாள்களையும் அவள் மேசையில் வைத்தேன். உள்ளங்கையில் கடலையை நீட்டினேன். வாய் திறக்கவில்லை. பத்திரிகையில் வாராவாரம் பத்தி எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா?

தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். சட்டத் தாளில் நின்றாள். என் கையைப் பார்த்தாள். பிறகு... ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டாள்.

"மிச்சம்?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"பரவாயில்லை. எனக்கு ஞாபகம் இருக்கு. திருப்பி எழுதலாம்."

போர் முடிந்ததால் எனக்கும் வாய் திறக்க அனுமதி. "ஏன் பிள்ளை, உன்ர சண்டையில ஒருத்தரும் சாகினம் இல்லை?"

"எழுதுறது நான்தானே அப்பா. நான் ஏன் சாக விடோணும்?"

இத்தனை வருடம் எழுதுகிறேன். எனக்கு இது ஒருநாளும் தோன்றியதில்லை.

புதுக் கொப்பியின் முதல் அத்தியாயத்தை நேற்று வாசிக்கத் தந்தாள். அதில் ஒரு துரோகி வருகிறான். வழுக்கைத் தலை, தொப்பை. சொந்த நாட்டையே கயிற்றால் கட்டிக் கொடுத்தவன்.

அவனையும் அவள் சாக விடவில்லை.