கீழே நின்றவள்

ஷூ கம்பெனியில் நான் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலையில் யார் வரவில்லை என்று பார்ப்பேன். அந்த இடத்தில் வேறொருவரை உட்கார வைப்பேன். தையல் மிஷினில் ஆள் இல்லையென்றால் மடிப்பு மேஜையிலிருந்து ஒருத்தியை இழுப்பேன். மடிப்புக்கு ஆள் குறைந்தால் பசை தடவுகிறவளை நகர்த்துவேன். லைன் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு ஆம்பூருக்கு வந்து, மேனேஜராக ஓய்வு பெற்றேன். படித்ததெல்லாம் எங்கோ போய்விட்டது, இந்தப் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. கல்யாணப் பந்தியில் ஓர் இலை காலியாக இருந்தால் இன்றும் என் கண் அங்கேதான் போகும்.

ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்க முடியாமல் ஒரு சர்க்கஸ் பள்ளிக்கூடத்துக்குச் செயலாளர் ஆனேன். பாலாற்றுப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு டேனரியின் ஷெட்டில் அது நடந்தது. தோல் தொங்கவிடுவதற்காகக் கட்டிய உயரமான கூரை, ஊஞ்சலும் பிடித்து ஏறும் துணியும் கட்டத் தோதாக இருந்தது. மழை பெய்தால் சுவரிலிருந்து பழைய வாடை கிளம்பும். டேனரிகளிலும் ஷூ கம்பெனிகளிலும் கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகள் மாலையில் வருவார்கள். பல பேர் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். அப்பன் குடித்துவிட்டு அடிக்கிற வீட்டிலிருந்து வந்தவர்களும் உண்டு. பல்டி, ஊஞ்சல், பந்து வீசிப் பிடிப்பது, ஒருவர் மேல் ஒருவர் ஏறி நிற்பது எல்லாம் கற்றுக்கொண்டார்கள். சொல்லிக் கொடுத்தவர், ஊர் ஊராகப் போகிற சர்க்கஸ் கூடாரத்திலேயே வளர்ந்த ஒரு பெண். பிள்ளைகள் அவரை அக்கா என்பார்கள். என் மகள் வயதுதான் என்றாலும் நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அந்த ஷெட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஜோடியாகச் செய்யும் வித்தையில் கீழே நிற்பவர் சொல்வதுதான் முடிவு. அவர் வேண்டாம் என்றால் அன்றைக்கு அந்த வித்தை கிடையாது. காரணம் சொல்ல வேண்டியதில்லை, யாரும் கேட்கவும் கூடாது. நான் சேர்ந்த புதிதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அக்காவிடம் கேட்டேன்.

"மேல ஏர்றவ கண்ணுக்கு ஜனங்கதான் சார் தெரியும். காலு நடுங்குதா இல்லையான்னு கீழ நிக்கறவளுக்குதான் தெரியும்" என்றார்.

எனக்குப் புரிந்ததாகத் தலையாட்டினேன். கம்பெனியில் ஒருத்தி காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றிருந்தால் அவளை என்ன செய்திருப்பேன் என்றுதான் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன்.

ஷெட்டிலேயே நல்ல ஜோடி இரண்டு பெண்கள். மாதனூர் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரே தெரு. மேலே ஏறுகிறவள் ஒல்லி, காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். கீழே தாங்குகிறவள் ஒரு வயது பெரியவள். அகலமான தோள், அதிகம் பேசாத சுபாவம். ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்தாள். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக ஷெட்டுக்கு வருவாள். பசை வாசனை அவளோடு வரும்.

"இன்னாடி, இன்னிக்கு ஜாஸ்தி கனக்கற? பிரியாணி துன்னுட்டு வந்தியா?"

"நான் அதே கனம்தான். ஓவர்டைம் பாத்துப் பாத்து உன் தோளுதான் தேஞ்சிடுச்சு."

"வாய மூடிட்டு ஏறு. நீ பேசினா எனக்குக் கழுத்து ஆடுது."

இப்படித்தான் இருக்கும் அவர்கள் பயிற்சி. ஒல்லிப்பெண் அவள் தோளில் ஏறி, அங்கிருந்து அவள் உயர்த்திய கைகளில் தன் கைகளை ஊன்றித் தலைகீழாக நிமிர்வாள். அந்த நேரத்தில் ஷெட்டில் யாரும் பேச மாட்டார்கள். ஒரு வெளிநாட்டு சர்க்கஸ் குழு சென்னைக்கு வந்து ஜோடிகளைத் தேர்ந்தெடுக்கப் போவதாக அக்காவுக்குத் தகவல் வந்திருந்தது. இரண்டு பேரும் அதற்காகத்தான் தயாரானார்கள். கம்பெனி பஸ்ஸிலிருந்து பெரியவள் ஒரேயடியாக இறங்குவதற்கும், ஒல்லிப்பெண் ஊரைத் தாண்டிப் போவதற்கும் அந்த ஒரு வழிதான் கண்ணுக்குத் தெரிந்தது.

அதற்கு முன் எங்கள் ஊர் கல்யாண மண்டபம் ஒன்றில் நிகழ்ச்சி ஏற்பாடு செய்தேன். ஷெட்டின் சொந்தக்காரர் அதைக் குடோனாக மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அவர் குடும்பத்தோடு வந்து பார்த்தால் மனம் மாறும் என்பது என் கணக்கு. அழைப்பிதழில் இந்த இரண்டு பெண்களின் படத்தைத்தான் போட்டேன்.

நிகழ்ச்சி ஞாயிற்றுக்கிழமை. அக்கா டெங்கு காய்ச்சலில் வீட்டில் படுத்துவிட்டார். எல்லாம் என் தலையில் வந்தது. உண்மையைச் சொன்னால் அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

விடிந்ததும் போன் வந்தது. கீழே நிற்பவள்.

"சார், இன்னிக்கு ஷிப்மென்ட்டு. ஞாயித்துக்கெழமையும் வரச் சொல்லிட்டாங்க. சூப்பர்வைசர் விட மாட்றாரு, சார். வரலன்னா நாளைக்கும் வராதன்றாரு."

நானும் என் காலத்தில் அதே வார்த்தைகளைச் சொன்னவன்தான். அதனால் அவளோடு வாதாட எனக்கு வாய் வரவில்லை.

"சரி, நீ போம்மா. நான் பாத்துக்கறேன்."

"இன்னா பாத்துப்பீங்க? அந்த ஒரு ஐட்டத்த மட்டும் எடுத்துடுங்க, சார். வேற யாரையும் கீழ நிக்க வெக்காதீங்க. வேணாம், சார்."

"சரிம்மா."

"அவகிட்ட நான் வேணாம்னு சொன்னேன்னு சொல்லிடுங்க. அவ போன் எடுக்க மாட்றா."

"சொல்றேன்."

பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.

மண்டபத்துக்குப் போனேன். நாற்காலிகள் நிறைந்துகொண்டிருந்தன. ஷெட்டின் சொந்தக்காரர் பேரப்பிள்ளைகளோடு முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு பேத்தி அழைப்பிதழைப் பிடித்துக்கொண்டு, இந்த அக்காங்க எப்ப வருவாங்க என்று கேட்டாள். பழைய பழக்கம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஓர் இடம் காலி. அங்கே யாரை உட்கார வைக்கலாம் என்று சுற்றிலும் பார்த்தேன். தோல் மண்டியில் பாரம் தூக்கும் ஒரு வாலிபன், பிரமிடு கட்டும்போது அடிவரிசையில் நிற்பவன், அங்கே இருந்தான். அவளைவிட இரண்டு மடங்கு பலசாலி. பலம் இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

ஒல்லிப்பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"அவ இன்னா சொன்னா, சார்?"

அங்கேதான் எல்லாம் நடந்தது. பிறகு நடந்த எதையும்விட அந்த ஒரு நிமிஷம்தான் எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது.

"இவனை வெச்சுப் பண்ணச் சொன்னா. உன்னை ஜாக்கிரதையா இருக்கச் சொன்னா" என்றேன்.

"அவளே சொன்னாளா?"

"ஆமா."

அவள் தலையாட்டிவிட்டுக் கைக்குப் பவுடர் பூசப் போனாள். சற்று நேரத்தில் அக்கா காய்ச்சல் குரலில் போன் செய்து, எல்லாம் சரியா சார் என்று கேட்டார். எல்லாம் சரி என்றேன்.

அந்த வாலிபன் அவளை அருமையாகத் தூக்கினான். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அவன் தூக்கியது ஒரு பாரத்தை. கீழே நிற்பவள், மேலே இருப்பவள் மூச்சு விடும்போது தன் முட்டியை ஒரு துளி மடக்குவாளாம். அது அவர்கள் இருவருக்குள் மட்டும் பழகியது என்று அக்கா பிறகு சொன்னார். அவன் அசையாமல் தூண் மாதிரி நின்றான். அவள் தலைகீழாக நிமிர்ந்தாள், கை தட்டினார்கள், அப்போது சாய்ந்தாள். மெத்தைக்கு வெளியே விழுந்தாள். சத்தம் சின்னதுதான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நாங்கள் நின்றிருந்தபோது கீழே நிற்பவள் ஓடி வந்தாள். கம்பெனி நீலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. விழுந்தவளின் அம்மா அவளைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வாடி மகராசி. இப்பதான் டைம் கெடைச்சுதா? யாரையோ வெச்சு ஏத்துன்னு சொல்லிட்டு நீ மிஷின்ல குந்திக்கினியா?"

"அத்தே, நான் எங்க அப்படிச் சொன்னேன்? நான் வேணாம்னுதான சொன்னேன்! சார், சொல்லுங்க, சார்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா, அந்த வாலிபன், மண்டபத்திலிருந்து கூடவே வந்த ஷெட்டின் சொந்தக்காரர்.

"வேணாம்னு நீ சொல்லலியேம்மா" என்றேன். "இவனை வெச்சுப் பாத்துக்கங்கன்னுதானே சொன்ன."

அவள் என்னைப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கம்பெனியில் லைனை விட்டு எழுப்பி வேறு வேலைக்கு அனுப்பும்போது பெண்கள் முகத்தில் ஒன்று வருமே, சொல்லி என்ன ஆகப்போகிறது என்கிற மாதிரி, அது வந்தது. கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே வெளியே போய்விட்டாள். நான் வெள்ளைச் சட்டை போட்ட பெரிய மனிதன். அவள் என் சிபாரிசில் வேலைக்குப் போனவள். யாரை நம்புவது என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒல்லிப்பெண்ணின் இடது முழங்கை இன்றும் முழுதாக நீள்வதில்லை. சென்னைத் தேர்வு அவர்கள் இல்லாமல் நடந்து முடிந்தது. கீழே நிற்பவள் ஷெட்டுக்கு வருவதை நிறுத்தினாள். தெருவில் அவள் பெயர் கெட்டது. தோழியைத் தள்ளிவிட்டவள் என்று பேசினார்கள். எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பெண்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அக்கா குணமாகி வந்து என்னிடம் ஒரு முறை கேட்டார். அதே பொய்யைச் சொன்னேன். ஷெட்டின் சொந்தக்காரர் இடத்தை எங்களுக்கே விட்டுவிட்டார். நிகழ்ச்சிக்கு முன்பே அப்படித்தான் முடிவு செய்திருந்ததாகச் சொன்னார்.

சில மாதங்கள் போயின. நான் வழக்கம்போல ஷெட்டுக்குப் போய் வந்தேன். சாப்பிட்டேன், தூங்கினேன். குற்ற உணர்ச்சியில் மனிதன் இளைத்துப்போவான் என்று படித்திருக்கிறேன். எனக்கு அப்படியெல்லாம் ஆகவில்லை. அலுப்புதான் இருந்தது. எதைத் தொட்டாலும் அலுப்பு.

ஒரு நாள் பகலில், பிள்ளைகள் வருவதற்கு முன், ஒல்லிப்பெண் தன் பழைய பயிற்சி உடைகளை எடுத்துப் போக வந்தாள். வளைந்த கையை இடுப்போடு ஒட்டி வைத்திருந்தாள். மெத்தை மேல் உட்கார்ந்தாள்.

"ஒரு தடவ வந்து சாரின்னு சொல்லிருந்தா போதும், சார். நான் மறந்துட்டிருப்பேன். இன்னா கொழுப்பு அவளுக்கு. நேத்து பஸ் ஸ்டாப்ல என்னப் பாத்துட்டு அந்தாண்ட திரும்பிக்கறா. கை போனதுகூடப் பரவால்ல, சார். அவ அப்படிச் சொல்லிட்டாளேன்னுதான் பேஜாரா கீது."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. துணிச்சல் வந்தது என்று சொல்ல மாட்டேன். சுமந்தது போதும் என்று ஆகிவிட்டது, அவ்வளவுதான். போனில் அவள் சொன்னது, நான் மாற்றிச் சொன்னது, ஆஸ்பத்திரியில் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். துணிப்பையை மூடினாள்.

"இத இன்னாத்துக்கு என்கிட்ட சொல்றீங்க? உங்க பாரம் எறங்கறதுக்கா?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"எங்க அம்மாகிட்ட சொல்லுங்க. அவள திட்டுனாங்களே, அவங்ககிட்ட சொல்லுங்க. பஸ் ஸ்டாப்ல சொல்லுங்க. இங்க யாரும் இல்லாத எடத்துல சொல்லிட்டுப் போனா சரியாய்டுமா?"

முதலில் அவள் அம்மாவிடம் போனேன். அந்த அம்மா என்னை உட்காரச் சொல்லவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "படிச்சவரு" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை அவர்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். கம்பெனி பஸ்ஸுக்காகப் பெண்கள் டிபன் டப்பாவோடு நின்றிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் என்னிடம் வேலை பார்த்தவர்கள்; வணக்கம் சார் என்றார்கள். கீழே நிற்பவள் ஓரமாக நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினாள்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்கம்மா" என்றேன். என் குரல் பழைய ஷாப் ஃப்ளோர் குரலாக வந்தது. எனக்கே அருவருப்பாக இருந்தது. இந்தப் பெண் அன்று வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னாள், அதை மறைத்து வேறு மாதிரி சொன்னவன் நான், ஆஸ்பத்திரியிலும் பொய் சொன்னேன், தப்பு முழுக்க என்னுடையது என்றேன்.

வயதான ஒருத்தி, "அத இப்ப வந்து சொல்றாரு பாரு, ஊரு வாய்ல அவ நாறுனதுக்கு அப்புறம்" என்றாள். இன்னொருத்தி, "வுடுக்கா, வந்தாவது சொன்னாரே. எந்த மேனேஜர் வந்து சொல்றான்?" என்றாள். யாரோ சிரித்தார்கள்.

அவளிடம் போனேன். "மன்னிச்சிடும்மா."

அவள் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "அன்னிக்கு நைட்டு எங்க அம்மா கேட்டாங்க, சார், நீ நெஜமாவே இன்னா சொன்னேன்னு. எங்க அம்மா. அவங்களே என்ன நம்பல."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

அன்றே அக்காவிடமும் சொன்னேன். அவர் ஊஞ்சல் கயிற்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமல் கேட்டார். கடைசியில், "ரெண்டு பேரும் பேசிக்கறாங்களாம். நேத்து விழுந்தவளோட அம்மாவே அவ வீட்டுக்குப் போயிருக்காங்க" என்றார். பிறகு கயிற்றை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நான் அந்தப் பெரியவளக் கூப்பிட்டுப் பாத்தேன், சார். வேற பொண்ணு ஒருத்திய வெச்சு ஆரம்பிக்கலாம், வாடின்னு. சார் இருக்காரான்னு கேட்டா."

எனக்குப் புரிந்தது. ஷெட் சாவியை அங்கேயே மேஜை மேல் வைத்தேன். வேண்டாம் என்று அவர் தடுக்கவில்லை. அது நியாயம்.

இப்போது காலையில் நடக்கப் போனால் ஆற்றுப் பக்கம் திரும்புவதில்லை, மார்க்கெட் பக்கம் போய்விட்டு வருகிறேன். சில சமயம் ஷெட்டில் படிக்கிற பிள்ளைகள் எதிரே வருவார்கள், நல்லாருக்கீங்களா சார் என்பார்கள். அவள் திரும்பி வந்தாளா, யாரைத் தாங்குகிறாள் என்று நாக்கு நுனி வரை வரும். கேட்பதில்லை. நான் விசாரித்தேன் என்று அவள் காதுக்குப் போனால், மறுபடியும் அந்த ஷெட்டில் நான் நிற்பது போல் ஆகிவிடும். நல்லா படிங்கப்பா என்று சொல்லிவிட்டு நடக்கிறேன்.