காயாரோகணத்தின் மூன்றாம் தாலி

காயாரோகணம் நீடாமங்கலம் ரயில்வே ஸ்டேஷனில் வேகனுக்கு நெல் மூட்டை ஏற்றும் லோடுமேன். முதல் மனைவி மலர்கொடியைப் பாம்பு கொண்டுபோனது, இரண்டாமவளை மஞ்சள்காமாலை. இரண்டு சாவிலும் அவர் அழவில்லை. காரியம் முடிந்த மறுநாளே மூட்டைக்குத் தோள் கொடுக்கப் போய்விட்டார். கல்நெஞ்சன் என்றது ஊர். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? மனிதருக்கு உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

அக்கா அம்சம் விடவில்லை. குடவாசலில் சந்திரலேகாவைப் பேசி முடித்தாள். அவளும் கணவனைப் பறிகொடுத்தவள். ஜோசியர்தான் குறுக்கே விழுந்தார். "மூணாந்தாரம் தங்காதுங்க. மூணாவது தாலியை ஒரு வாழைக்குக் கட்டி வெட்டிடுங்க. சாவு அதோட போயிடும். இந்தப் பொண்ணு நாலாவதாயிடும்."

கொல்லை மொந்தன் வாழைக்குப் புடவை சுற்றி, மஞ்சள் கயிறு கட்டி, அரிவாளால் ஒரே வெட்டு. காயாரோகணம் தலைமுழுகிவிட்டு வந்து சந்திரலேகாவுக்குத் தாலி கட்டினார். இரண்டு தாலிக்கும் அவர் முகம் ஒன்றுபோலத்தான் இருந்தது.

வாழைக்கு உயிர் மேலே இல்லை என்று ஆற்றுப்பாசனத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். மேலே இருப்பது மட்டை மேல் மட்டை. உயிர் மண்ணுக்குள் கிழங்கில் கிடக்கிறது. விதை வேண்டாம், ஆண் பெண் வேண்டாம். கிழங்கில் ஒரு கண் இருந்தால் அதே வாழை மறுபடி வரும். ஆனால் பரிகாரம் என்றதும் நம் ஆட்களுக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும்.

அந்த வாரமே வெட்டுவாயில் வெள்ளைக் குருத்து எட்டிப் பார்த்தது. பக்கக்கன்றும் கிளம்பியது. அதே நேரம் சந்திரலேகாவுக்குக் காய்ச்சல்.

"தம்பி, வாழை சாவலடா! கிழங்கோட தோண்டி எறி!" என்று அலறினாள் அம்சம்.

கடப்பாரையால் தோண்டிக் கிழங்கை உடைத்து வேலியோரம் வீசினார். மழை பெய்தது. வீசிய துண்டுகளில் பாதி முளைவிட்டன. அம்சம் தலையில் அடித்துக்கொண்டு தன் ஊருக்குப் போனாள்.

அதன்பின் காயாரோகணம் மனைவியிடம் பேசவே இல்லை. மாத்திரையை வாசற்படியில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். காய்ச்சல் விட்ட அன்று அவள் வழிமறித்தாள்.

"நான் என்னங்க தப்பு பண்ணேன்?"

"நான் உங்கிட்ட ஒட்டிக்கிட்டா நீயும் போயிடுவே."

"எனக்கும் ஒருத்தர் போனாருங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாதேன்னு நானுந்தான் பயந்துகிட்டு வந்தேன். எனக்கு யாரும் பரிகாரம் சொல்லலை. சொல்லியிருந்தா நானும் ஒரு மரத்துக்குக் கழுத்தை நீட்டியிருப்பேன்."

தனக்காகவும் ஒருத்தி பயப்படுவாள் என்று அவர் நினைத்ததே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தார். "மலர்கொடி" என்றார். பிறகு வாய்விட்டு அழுதார்.

சந்திரலேகா பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னொருத்தங்களுக்கும் அழுதுடுங்க" என்றாள். "நான் இங்கதான் இருக்கேன்."