மேடையில் என் மனைவி சொல்லாத ஆமென்

விசுவாசக் குடும்பத்தாரே, உங்களில் பலர் என் முகத்தைக் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சட்டை, கையில் மைக், கண்ணில் தண்ணீர். "கர்த்தர் என் குடியை ஒரே நாளில் எடுத்துப்போட்டார்" என்று கத்துகிறேனே, அது நான்தான். மாத்தளைப் பக்கம் இரத்தோட்டையில் ஓட்டோ ஓட்டுகிற ஜோசப். யட்டவத்த கூட்டத்தில் அந்த வீடியோவை எடுத்தார்கள். அந்தக் கிழமையில் நான் இரண்டு நாள் குடித்திருந்தேன்.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதைவிட எரிச்சலாக இருக்கிறது. நான் விழுந்ததை எத்தனை பேரிடம் சொன்னாலும் அந்த வீடியோ ஊர் சுற்றுவதை நிறுத்தவில்லை. போன கிழமைகூட ஓர் அக்கா அழைத்து, "தம்பி, எங்க வீட்டுக்காரர் போட்டோவ அனுப்புறேன். நீங்க அதுல கை வச்சு ஜெபிச்சா போதும்" என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "தாழ்மையா பேசுறீங்க" என்றார்! அதனால்தான் முழுக் கதையையும் எழுதுகிறேன்.

பதினைந்து வருடம் குடித்தேன். என் ஓட்டோ ஸ்டாண்ட் தவறணைக்கு, அந்தச் சாராயக் கடைக்கு, நேர் எதிரே. காலையில் ஒரு ஹயர், ஒரே ஒரு சவாரி, போய் வந்ததும் ரோட்டைக் கடந்துவிடுவேன். என் மனைவி செல்வி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். மலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, எனக்காக முழங்காலில் நிற்பாள். ஒரு நாள் எங்கள் தோட்டத்துச் சின்னச் சபையில் உபவாச ஜெபம். அவள் தொல்லை தாங்காமல் போனேன். பாஸ்டர் தலையில் கை வைத்தார். நான் குழந்தைபோல அழுதேன். அதன்பிறகு இரண்டரை மாதம் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. அந்த இரண்டரை மாதம் உண்மை. அது தேவன் தந்தது, இன்றைக்கும் மறுக்கமாட்டேன்.

பிறகு சாட்சி சொல்ல எழுந்தேன். எங்கள் பக்கத்துச் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. குடியை விட்டதாக ஓர் ஆண் சாட்சி சொன்னால், கடைசியில் அவன் மனைவியை முன்னே அழைப்பார்கள். "சிஸ்டர், பிரதர் சொன்னது உண்மைதானா?" என்று கேட்பார்கள். வீட்டில் இருக்கிறவளுக்குத்தானே தெரியும்? அவள் ஆமென் சொன்னால்தான் சபை கைதட்டும். முதல்முறை செல்வி சொன்ன ஆமென் கூரையைத் தொட்டது.

அது எப்படியோ கொழும்பில் இருக்கிற ஒரு பெரிய ஊழியக்காரரின் காதுக்குப் போனது. டிவியில் வருகிறவர், பெயர் வேண்டாம். அவருடைய ஆட்கள் வேன் அனுப்பினார்கள். யட்டவத்த, பல்லேகம என்று ஊர் ஊராகக் கூட்டிப்போனார்கள். நோட்டீஸில் என் படம். தோளில் பொன்னாடை. முன்வரிசையில் நாற்காலி. சனம் என்னோடு செல்பி எடுக்க வரிசையில் நின்றது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது. தவறணை வாசலில் விழுந்து கிடந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மேடைக்கு மேடை சாட்சியும் வளர்ந்தது. கால் போத்தல் முழுப் போத்தலானது. நான் செல்வியை ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. ஆனால் அடித்ததாகச் சொன்னால் சனம் இன்னும் உருகும் என்று அந்த ஆட்கள் சொன்னார்கள். நானும் வாய் கூசாமல் சொன்னேன். செல்வி தலையைக் குனிந்துகொண்டு ஆமென் சொன்னாள்.

திரும்பி வரும்போது வேனில் கேட்டாள். "நீங்க என்னைய அடிச்சீங்களா? எப்ப?"

"சும்மா ஒரு பேச்சுக்குத்தான்."

"உங்க பேச்சுக்கு நான் ஆமென் சொல்லிட்டேனே" என்றாள்.

நான் மறுபடி குடித்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. மழை, ஹயர் இல்லை, எதிரே தவறணை. ரோட்டைக் கடந்தேன். அவ்வளவுதான். அடுத்த கூட்டங்களுக்குத் தேதி குறித்தாயிற்று, நோட்டீஸ் அடித்தாயிற்று. யாரிடம் போய்ச் சொல்வது? மென்று முழுங்கிக்கொண்டு மேடை ஏறினேன். இறங்கி வந்து குடித்தேன்.

செல்விக்கு வாடை தெரியாமல் இருக்குமா? அவள் கேட்டபோது, "சாத்தான் இழுத்துட்டான்" என்றேன்.

"சாத்தான் கையைப் பிடிச்சு ரோட்டக் கடக்க வச்சானா? பஸ் வருதான்னு ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத்தானே போனீங்க?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விசுவாசம் இல்லாதவள் என்று அவளையே திட்டினேன். ஆனாலும் தினமும் ஜெபித்தேன், அதையும் சொல்ல வேண்டும். "ஆண்டவரே, அந்தத் தவறணையை மூடிப்போடும்" என்று ஜெபித்தேன். அது மூடவில்லை. பெயின்ட் அடித்துப் பெரிதாக்கினார்கள்.

மாத்தளை டவுனில் பெரிய கூட்டம் வந்தது. அந்த ஊழியக்காரரே வருகிறார். அன்று காலை செல்வி ஒரு பையில் தன் துணிகளையும் மகளின் துணிகளையும் அடுக்கினாள்.

"இந்தத் தரம் நான் ஆமென் சொல்ல மாட்டேங்க. அந்தப் பொய்யோட நீங்க மேடைய விட்டு இறங்குனா, அங்கேயிருந்தே பிள்ளையக் கூட்டிக்கிட்டு பல்லேகமவுக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்."

அவள் மிரட்டுகிறவள் அல்ல. சொன்னால் செய்வாள். நான் பின்பக்கம் போய் முழங்காலில் நின்றேன். மழை கொட்டட்டும், எனக்குக் காய்ச்சல் வரட்டும், வேன் பழுதாகட்டும் என்று கேட்டேன். அந்த ஊழியக்காரருக்குத் தொண்டை கட்டட்டும் என்றுகூடக் கேட்டேன். வெயில் பளீரென்று அடித்தது. வேன் அரை மணி முன்னதாகவே வந்து ஹோர்ன் அடித்தது. எனக்குத் தேவன்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. வேனில் எனக்கும் அவளுக்கும் நடுவில் அந்தப் பை இருந்தது.

மேடையில் வழக்கம்போலப் பேசினேன். "அன்று முதல் இன்றுவரை ஒரு சொட்டுத் தொடவில்லை!" சனம் ஆர்ப்பரித்தது. ஊழியக்காரர் செல்வியை மேலே அழைத்தார். அவள் பையோடுதான் ஏறினாள். "சிஸ்டர், உண்மைதானா?" மைக் அவள் வாய்க்கு நேரே இருந்தது. அவள் வாய் திறக்கவில்லை. அவர் சிரித்தார். "வெட்கப்படாதீங்க சிஸ்டர், ஆமென் சொல்லுங்க." செல்வி என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. களைத்துப்போன பார்வை. பத்து மணிநேரம் மலையில் நின்றுவிட்டு வரும்போது இருக்குமே, அந்த முகம்.

"ஆண்டவரே, உதவும்." அவ்வளவுதான் ஜெபித்தேன். இந்தத் தரம் மழையையும் காய்ச்சலையும் நான் கேட்கவில்லை. என் கை அந்த மைக்கைப் பிடித்தது.

"அவ சொல்ல மாட்டா. நான் சொன்னது பொய். செவ்வாய்க்கிழமை குடிச்சேன். அவள நான் அடிச்சதும் இல்ல."

அதற்குள் கீபோர்ட்காரர் பாட்டை ஆரம்பித்துவிட்டார். மைக்கை நிறுத்தினார்கள். யாரோ என் தோளைப் பிடித்துப் படியில் இறக்கினார்கள். வீட்டுக்குப் போக வேன் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். செல்வி எந்த பஸ்ஸில் ஏறுவாள் என்று தெரியவில்லை, கேட்கத் தைரியமும் இல்லை. அவள் இரத்தோட்டை பஸ்ஸில் ஏறினாள். உட்கார்ந்ததும் பையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். "பாரமா இருக்கு, நீங்க வச்சுக்கங்க" என்றாள். வீடு வரும்வரை அழுதேன்.

மறுநாள் எங்கள் பாஸ்டரிடம் போனேன். அவர் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். குடியை விட உதவுகிற கிளினிக்கில் ஆலோசனை சொல்கிற ஒரு மிஸ் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஓட்டோவ எங்க நிப்பாட்டுறீங்க?" என்றார். சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். தவறணையை நகர்த்தும்படி அத்தனை நாள் தேவனைத் தொந்தரவு செய்தவன், மூன்று சில்லில் உருளுகிற என் வண்டியை நகர்த்த நினைக்கவே இல்லை!

ஆனால் ஸ்டாண்ட் மாறுவது லேசான காரியமல்ல. புதிய ஆளை யாரும் சேர்க்கமாட்டார்கள். செல்வியும் நானும் சேர்ந்து ஜெபித்தோம். பிறகு நானே நடந்துபோய்க் கேட்டேன். மூன்று ஸ்டாண்டில் முகத்திலடித்தாற்போல் இல்லை என்றார்கள். நான்காவது, பாடசாலைக்குப் பக்கத்தில். அதன் தலைவர் பண்டார என்னை உற்றுப் பார்த்து, தம்பி என்ற உரிமையோடு சிங்களத்தில் கேட்டார், "மல்லி, அந்த வீடியோவில வாற ஆள்தானே?"

"ஆமா. அதுக்குப் பிறகும் குடிச்சேன். இப்ப மருந்து எடுக்கிறேன்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு டிரைவர் முந்தைய நாள்தான் வெளிநாடு போயிருந்தான். அந்த இடம் எனக்குக் கிடைத்தது. இதெல்லாம் ஓர் அற்புதமா என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அற்புதம்தான். முந்தைய கிழமை போயிருந்தால் இடம் இல்லை. நான் போகாமலே இருந்திருந்தாலும் இல்லை.

அதன்பிறகு ஒருமுறை விழுந்தேன். அடுத்த ஞாயிறே சபையில் சொன்னேன். இப்போது குடிக்கவில்லை. நாளைக்கு வேண்டிய பெலனை நாளைக்குக் கேட்பேன்.

அந்த வீடியோவின் கீழே, "இது நான்தான், இதற்குப் பிறகும் குடித்தேன்" என்று எழுதுகிறேன். அழிக்கிறார்கள். திரும்ப எழுதுகிறேன். அந்த ஊழியக்காரரின் ஆட்கள் ஒருமுறை அழைத்து, "விழுந்து எழும்பின சாட்சி இன்னும் நல்லா எடுபடும் பிரதர்" என்றார்கள். கைப்பேசியை வைத்துவிட்டேன்.

பிரியமானவர்களே, என் படத்தைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்கள் வீட்டுக்காரர் போட்டோவை எனக்கும் அனுப்பாதீர்கள். தேவனிடம் நீங்களே கேளுங்கள். எனக்குச் செவிகொடுத்தவர் உங்களுக்கும் கொடுப்பார். கேட்டுவிட்டு எழுந்து, உங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

இதை எழுதி முடித்ததும் செல்விக்கு வாசித்துக் காட்டினேன். குடிக்காமல் இருந்தது மூன்று மாதம் என்று எழுதியிருந்தேன். "ரெண்டர மாசம்" என்றாள். திருத்தினேன். எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். பிறகு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, ஆமென் என்றாள்.